பொட்டாசியம் கூடினால் அடுப்படியை மட்டும் விசாரிக்காதீர்கள்

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் கூடுதல் என்று வந்துவிட்டால், டயாலிசிஸ் செய்துகொள்பவரின் வீட்டில் முதல் கேள்வி சமைக்கிறவரிடம்தான் வரும். "என்னத்தக் குடுத்தீங்க?" டூட்டி டாக்டர் கேட்பார், சிஸ்டர் கேட்பார், ஊரிலிருந்து போன் போடும் சொந்தக்காரர்களும் கேட்பார்கள். நோயாளியும் தன் பங்குக்கு, போன வாரம் வாயில் போட்ட ஒரு துண்டு மாம்பழத்தை நினைத்துக் குமைந்துகொண்டிருப்பார். சாப்பாடு முக்கியம்தான், அதைப் பற்றி நிறையவே சொல்லப் போகிறேன். ஆனால் பொட்டாசியம் ஏறுவதற்கு சாப்பாடு ஒரு காரணம் மட்டுமே. மற்ற காரணங்களை யாரும் தேடாததால் உயிர் போகிற நிலைமை வரை போய்விடுகிறது. என் வீட்டுக்காரர் விஷயத்தில் அதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். சர்க்கரை நோயில் இவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி காலை ஷிஃப்டில் திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம். டாக்டர் கொடுத்த உணவு அட்டவணை அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் பொட்டாசியம் போகாமல் அதன்படிதான் சமையல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. கையை ஊன்றி மறுபடி முயன்றார். "கால் ரெண்டும் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றார். நெஞ்சு வலி இல்லை, மூச்சிரைப்பு இல்லை. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், வழக்கத்தைவிட மெதுவாக ஓடியது. அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிட்டது இட்லி, வடித்த சாதம், வேகவைத்து நீர் வடித்த சுரைக்காய்க் கூட்டு, முட்டை வெள்ளைக்கரு. அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. பொட்டாசியம் ஏறும்போது பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது, தெரிந்தால் கால் பலவீனமாகத்தான் முதலில் தெரியும் என்று டயாலிசிஸ் யூனிட்டில் சிஸ்டர் ஒருமுறை சொல்லியிருந்தார். விடியட்டும் என்று காத்திருக்காமல் வண்டி பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் போனவுடனே ஈசிஜி எடுத்தார்கள். அதில் டி அலை என்கிற வளைவு கூர்மையாக உயர்ந்து நின்றது, பொட்டாசியம் ஏறியதன் அடையாளம் அது. ரத்த ரிசல்ட் வருமுன்னே வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டார் அந்த டாக்டர். ரிசல்ட் வந்தபோது 7.2. சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு, மெஷினில் போடுவதற்கு முன் எடுக்கும் ரத்தத்தில் 5.5க்குள் இருந்தால் நல்லது என்பார் எங்கள் டாக்டர். 6.5 தாண்டினால் இதயத் துடிப்பு எந்த நேரமும் தடம் மாறலாம், நின்றும் போகலாம்.

அன்றைக்குச் செய்த வைத்தியத்தை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் பக்கத்தில் நிற்கும் நமக்கு எது எதற்கு என்று தெரிந்தால் பதற்றம் குறையும். முதலில் நரம்பு வழியாகக் கால்சியம் குளுக்கோனேட். இது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்குக் கொஞ்ச நேரம் காவல் நிற்கும், அவ்வளவுதான். சில நிமிடங்களில் வேலை செய்யும், முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்குள் அதன் பலன் தீர்ந்துவிடும். அடுத்து இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்து. இன்சுலின் ரத்தத்தில் இருக்கிற பொட்டாசியத்தைத் திசுக்களுக்குள் தள்ளிவிடும். பிறகு ஆஸ்துமாக்காரர்களுக்கு வைப்பது போல முகமூடி வைத்து சால்பியூட்டமால் புகை. இவருக்கு இழுப்பே கிடையாதே என்று நான் கேட்டபோது, அதுவும் பொட்டாசியத்தை உள்ளே தள்ளத்தான் என்று சிஸ்டர் சொன்னார். இவை எல்லாமே தற்காலிகம். உள்ளே போன பொட்டாசியம் சில மணி நேரத்தில் திரும்ப வெளியே வரும். உடம்பை விட்டு அதை அகற்றுவது டயாலிசிஸ்தான். அதனால் நள்ளிரவிலேயே மெஷினில் போட்டார்கள்.

இதில் வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிட்னி வேலை செய்யாதவர்களுக்கு இன்சுலின் உடம்பில் நெடுநேரம் நிற்கும். குளுக்கோஸ் ஏற்றியிருந்தாலும் நாலைந்து மணி நேரம் கழித்துக்கூட சர்க்கரை இறங்கலாம். மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். இவருக்கு விடியற்காலை 62க்கு வந்தது. கேட்டதால் உடனே தெரிந்தது.

மறுநாள் எல்லோரும் சாப்பாட்டைத்தான் துருவினார்கள். "இளநீர் குடிச்சாரா? வாழைப்பழமா? ரகசியமா எதுவும் சாப்புட்டாரா?" இவர் பாவம், தலையைக் குனிந்தபடி இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். செய்யாத தப்புக்கு வயசான மனுஷன் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

விஷயத்தைப் பிடித்தது யூனிட்டில் இருந்த டெக்னீஷியன் தம்பி. சில வாரமாகவே மெஷினில் வீனஸ் பிரஷர், அதாவது சுத்தமான ரத்தம் உடம்புக்குத் திரும்பும் பக்கத்து அழுத்தம், ஏறிக்கொண்டு வருகிறது, ஊசி எடுத்த பிறகு ரத்தம் நிற்க நேரமாகிறது என்று அவர் தன் நோட்டில் குறித்து வைத்திருந்தார். டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் ரத்தத்தில் யூரியா என்கிற கழிவின் அளவை எடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். குறைந்தது 65 சதவீதமாவது இறங்கியிருக்க வேண்டிய யூரியா, பாதிகூட இறங்கவில்லை. ஃபிஸ்டுலா ரத்தக்குழாய் மேலே ஓரிடத்தில் சுருங்கிப்போயிருந்தது. அதனால் சுத்தமான ரத்தம் உடம்புக்குள் போகாமல், அதில் ஒரு பகுதி திரும்பத் திரும்ப மெஷினுக்கே வந்துகொண்டிருந்தது. நான்கு மணி நேரம் மெஷினில் படுத்திருந்தும் இரண்டு மணி நேர வேலைகூட நடக்கவில்லை. பலூன் வைத்து அந்த இடத்தை விரித்தார்கள். அடுத்த மாத ரத்தத்தில் பொட்டாசியம் 5.2. சாப்பாட்டில் நான் ஒன்றையும் மாற்றவில்லை.

அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் உட்கார்ந்து இந்தக் கணக்கை முழுசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வரவு செலவு எழுதத் தெரிந்த எந்தக் குடும்பத் தலைவிக்கும் இது புரியும். ஒரு நாளைக்கு 2 கிராம் என்று வைத்தால் வாரத்துக்கு வரவு 14 கிராம். செலவுப் பக்கம், நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒழுங்காக நடந்தால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 3 கிராம் வெளியேறும், மூன்று தடவைக்கு 9. மீதி? மலத்தோடு போகிறது. கிட்னி நல்லபடியாக இருப்பவர்களுக்குப் பொட்டாசியத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில் போய்விடும், குடல் வழியாகப் போவது பத்தில் ஒரு பங்குதான். கிட்னி போனவர்களுக்குக் குடல் அந்தப் பாரத்தைக் கொஞ்சம் தன் தலையில் ஏற்றுக்கொண்டு கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு வரை வெளியேற்றும். இது தோராயக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் வாரத்துக்கு இரண்டே டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஏன் இடிக்கிறது என்பது இதிலேயே தெரியும். பஸ் செலவுக்கும் கூலி போவதற்கும் பயந்து மூன்றை இரண்டாக்கிக்கொள்பவர்கள் எங்கள் யூனிட்டிலேயே நிறையப் பேர். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு இடமுண்டு. அரசு ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள். காசுதான் தடை என்றால் முதலில் அங்கே விசாரியுங்கள். மூன்றாவது டயாலிசிஸ் கொடுக்கும் பாதுகாப்பை எந்தப் பத்தியமும் கொடுக்காது.

மூன்று தடவை செய்தாலும் வாரத்தில் ஒரு நீண்ட இடைவெளி வந்தே தீரும். எங்களுக்கு சனி, ஞாயிறு. செவ்வாய், வியாழன், சனி ஷிஃப்ட்காரர்களுக்கு ஞாயிறு, திங்கள். அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்து 2011ல் வெளியிட்ட ஆய்வில், அந்த இரண்டு நாள் இடைவெளி முடிகிற நாளில்தான் இறப்பும் இதயக் கோளாறும் அதிகம் என்று தெரியவந்தது. நம் ஊரில் கல்யாணம், சடங்கு, கறிச்சோறு எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தானே விழுகிறது! ஆகவே எங்கள் வீட்டில் ஆசைப்பட்டதைக் கொஞ்சம் சாப்பிடும் நாள் செவ்வாய் அல்லது வியாழன், அதுவும் அளவோடு. சனி, ஞாயிறு கண்டிப்பு. விசேஷ வீட்டுக்குப் போனாலும் இவருக்கான டப்பா என் பையில் இருக்கும்.

மெஷினில் இருக்கும்போது எதைச் சாப்பிட்டாலும் அதுவே எடுத்துவிடும் என்று ஒரு பேச்சு எல்லா யூனிட்டிலும் உலவுகிறது. சாப்பிட்டது செரித்து ரத்தத்தில் சேர நேரமாகும். அதற்குள் ஊசியை எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நடுவில் வயிறு நிறையச் சாப்பிட்டு பிபி விழுந்து, மெஷினைப் பாதியில் நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை நம்பாதீர்கள்.

இனி அடுப்படி. பொட்டாசியம் தண்ணீரில் கரைவது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி சமையல் தானாக வந்துவிடும். சத்து வீணாகக் கூடாது, கொஞ்சத் தண்ணீரில் மூடி வைத்து வேகவை என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்தார்கள். இவருக்கு அதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். காயைத் தோல் சீவி மெல்லிசாக நறுக்குகிறேன், துண்டு சின்னதானால் அதிகம் இறங்கும். பெரிய பாத்திரத்தில் வெந்நீர் விட்டு ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுகிறேன். பிறகு புதுத் தண்ணீர் தாராளமாக விட்டு வேகவைத்து, சாதத்தைப் போலவே காயையும் வடிக்கிறேன். அதற்கப்புறம்தான் தாளிப்பு. வெறுமனே ஊறவைப்பதைவிட வேகவைத்து வடிப்பதுதான் உண்மையில் வேலை செய்கிறது. உருளைக்கிழங்கு போன்றவற்றுக்கு ஒருமுறை கொதிக்கவிட்டு நீரை மாற்றி மறுபடி கொதிக்கவிடுவேன். அப்படியும் இரண்டு துண்டுதான். குக்கரில் அதே தண்ணீரோடு வேகவைத்தால் ஒன்றும் குறையாது, எல்லாம் உள்ளேயே இருக்கும்.

கரைந்து இறங்கிய பொட்டாசியம் எங்கே போகிறது? தண்ணீரில். அதனால்தான் "ரசம்தானே, வெறும் தண்ணி" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பயம். தக்காளியும் புளியும் கரைத்த ரசம், காய் வெந்த சாம்பார்க் குழம்பு, தெம்புக்கு என்று சொந்தக்காரர்கள் தூக்குவாளியில் கொண்டுவரும் ஆட்டுக்கால் சூப் எல்லாமே பொட்டாசியம் கரைந்த நீர்தான். போதாததற்கு தண்ணீர் அளவும் எகிறும். இவருக்குப் புளியும் தக்காளியும் பேருக்குப் போட்டு மிளகு, சீரகம் தூக்கலாக ஒரு கரண்டி ரசம்.

எங்கள் ஊர்ச் சொதி என்றால் இவருக்கு உயிர். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் என்று பொட்டாசியம் கூடிய சாமான்கள் எல்லாம் ஒரே சட்டியில் சேரும் குழம்பு அது. அடியோடு நிறுத்தினால் மனுஷன் முகம் வாடிப்போகிறது. அதனால் வடித்த கேரட், பீன்ஸ், கோஸ் மட்டும் போட்டு, முதல் பாலை விட்டுவிட்டு இரண்டாம் பாலைத் தண்ணியாகச் சேர்த்து, இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் சற்றுத் தூக்கலாக வைத்து, சோறு நனைகிற அளவுக்கு மட்டும் ஊற்றுகிறேன். பொங்கல் சமயத்தில் சிறுகிழங்கும் பனங்கிழங்கும் ஊரெல்லாம் மணக்கும். கிழங்கு இனம் அத்தனையும் பொட்டாசியம் கூடியது. சிறுகிழங்கை இரண்டு தடவை வேகவைத்து வடித்து, நாலே துண்டு பொரியலாக வைப்பேன். பனங்கிழங்கை அவித்துத்தான் தின்கிறோம், வடித்து இறக்க வழியில்லை. அதனால் அது கிடையாது. கருப்பட்டிக் காபி, பதநீர் இரண்டும் நல்லது என்று ஊர் முழுக்கப் பேர் வாங்கியவை, ஆனால் இவர்களுக்கு ஆகாது.

பழத்தில், ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதாவது ஒரு நாளைய அளவில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு டம்ளர் இளநீரிலும் ஏறக்குறைய 500 இருக்கும். கொய்யா, பலா, பேரீச்சை, உலர்திராட்சை எல்லாம் அதே வரிசை. ஆப்பிள், அன்னாசி, பேரிக்காய் 100 கிராமுக்கு 100, 120தான். பப்பாளி அதற்கு அடுத்து, ஏறக்குறைய 180. ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கிண்ணம் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். நட்சத்திரப்பழத்தை மட்டும் ஒரு துண்டுகூடத் தொடவிடாதீர்கள். கிட்னி போனவர்களுக்கு அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கும். தீராத விக்கலில் ஆரம்பித்து வலிப்பு, மயக்கம் வரை போகும்.

கிட்னிக்கு நல்லது என்று சொல்லி வருவதுதான் இன்னும் ஆபத்து. வாழைத்தண்டுச் சாறு கல்லடைப்புக்காரர்களுக்குச் சொன்ன வைத்தியம். அதை டயாலிசிஸ்காரர்களுக்கும் அன்போடு கொண்டுவந்து நீட்டுகிறார்கள். இவருடைய தங்கச்சியும் ஒருநாள் சொம்பு நிறையக் கொண்டுவந்தாள். "மைனி, பச்சையா அரைச்சது, அண்ணனுக்குக் கிட்னி திரும்பிடும்" என்றாள். அவளை உட்காரவைத்து, இதில் பொட்டாசியம் நிறைய இருக்கு, அண்ணனுக்கு அதை வெளியே தள்ள வழி இல்லை என்று பொறுமையாகச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. இப்போது வேறு யாராவது நோனி சாறு, கோதுமைப்புல் சாறு, முருங்கைக்கீரை சூப் என்று ஆரம்பித்தால் அவளே தடுத்துவிடுகிறாள். சொந்தக்காரர்களின் அன்பைத் திட்டித் தள்ளுவதைவிடக் காரணத்தைச் சொல்லி நம் பக்கம் சேர்த்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

பொட்டாசியத்துக்குப் பயந்து புரதத்தைக் குறைத்துவிடும் வீடுகளும் இருக்கின்றன. டயாலிசிஸில் புரதமும் வெளியேறுவதால் இவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்கு மேலேயே புரதம் தேவை. உடம்பு இளைத்து சதை கரைந்தால் சதைக்குள் இருக்கும் பொட்டாசியமும் ரத்தத்துக்குத்தான் வரும். இதற்கு முட்டை வெள்ளைக்கருவைப் போல வசதி வேறில்லை, ஒன்றில் மூன்றரை கிராம் புரதம், பொட்டாசியம் 50 மில்லிகிராம் அளவுதான். அளவான கோழி, மீன் துண்டும் கொடுக்கலாம், குழம்பைக் குறைத்து.

கடையில் உப்பு வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். பிபிக்கு நல்லது என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறார்கள். பொட்டாசியம் குளோரைடின் எடையில் பாதிக்கு மேல் பொட்டாசியம்தான். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த மாதிரி உப்பைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தபோதே, கிட்னி பாதித்தவர்களுக்கு அது பொருந்தாது என்று சேர்த்தே சொன்னது. வீட்டில் மாமியாருக்கு பிபி, மகனுக்கு டயாலிசிஸ் என்று இருந்தால் உப்பு டப்பாவைத் தனித்தனியாக வையுங்கள்.

சாப்பாடு சரியாக இருந்தும் எண் ஏறுகிறதா? முதலில் மலச்சிக்கலைக் கேளுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் கட்டுப்பாடு, இரும்புச்சத்து மாத்திரை, பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை எல்லாம் சேர்ந்து இவர்களுக்கு வயிறு எளிதில் போகாது. மூன்று நாள் போகவில்லை என்றால் குடல் வழியாகப் பொட்டாசியம் வெளியேறும் அந்தக் கால் பங்கும் அடைபட்டது என்று அர்த்தம். இவருக்கு டாக்டர் லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்திருக்கிறார். பொட்டாசியத்தைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும் கே-பைண்ட் போன்ற பவுடர் தரும்போதும் இதைக் கவனிக்க வேண்டும், அந்தப் பவுடரே வயிற்றைக் கட்டும். அதை மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்காமல் மூன்று மணி நேரமாவது விட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். இப்போது புதிதாக வேறு மருந்துகளும் வந்திருக்கின்றன, விலை கூடுதல்.

அடுத்தது மாத்திரைகள். டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்றவை பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. இதயத்துக்காகத் தேவைப்பட்டுத்தான் சிலருக்குக் கொடுக்கிறார்கள், நாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் ஆரம்பித்தாலோ அளவு கூட்டினாலோ ஒரு வாரத்தில் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் வகை மாத்திரை மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச சிறுநீரையும் கெடுக்கும். சிறுநீர் எரிச்சலுக்குக் கொடுக்கும் சில சிரப்களில் பொட்டாசியம் சிட்ரேட் இருக்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கலக்கும் ஓஆர்எஸ் பவுடரிலும் பொட்டாசியம் உண்டு. இவருக்கு டயாலிசிஸ் என்பதை எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுவது என் பழக்கம்.

விரதம் இருந்தால் பொட்டாசியம் குறையும் என்று தோன்றும். நடப்பது வேறு. சாப்பிடும்போது சுரக்கும் இன்சுலின்தான் பொட்டாசியத்தைத் திசுக்களுக்குள் வைத்திருக்கிறது. நெடுநேரம் பட்டினி கிடந்தால் அது வெளியே வரும். சர்க்கரை நோயாளி இன்சுலின் ஊசியைத் தவறவிட்டு சர்க்கரை ஏறினாலும் இதே கதை. புரட்டாசிச் சனிக்கிழமைக்கு இவர் வருஷா வருஷம் விரதம் இருப்பார். டாக்டர் சொன்னதை அத்தையிடம் சொன்னோம், அவர்களே அந்த விரதத்தை மகனுக்காக எடுத்துக்கொண்டார்கள். அதேபோல இவர்களுக்குத் தாழ்சர்க்கரை வந்தால் ஆரஞ்சு ஜூஸ், வாழைப்பழம் வேண்டாம். இரண்டு ஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் போதும்.

ரத்தம் எடுக்கும் விதத்தாலும் எண் பொய்யாக ஏறும். கையை இறுக்கிக் கட்டி, விரல்களை மூடித் திறக்கச் சொல்லி, மெல்லிய ஊசியில் இழுத்து, லேபுக்கு லேட்டாக அனுப்பினால் ரத்த அணுக்கள் உடைந்து உள்ளே இருக்கும் பொட்டாசியம் மாதிரியில் கலந்துவிடும். ஆனால் பொய் எண்ணாக இருக்கும் என்று நாமே முடிவு செய்து வீட்டில் இருந்துவிடக் கூடாது. ஈசிஜியை உடனே எடுக்கச் சொல்லி, ரத்தத்தையும் அப்போதே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். டயாலிசிஸ் முடிந்த கையோடு எடுத்த ரத்தத்தைப் பார்த்து நிம்மதிப்படவும் வேண்டாம், சில மணி நேரத்தில் அது திரும்ப ஏறும். முன்னால் எடுப்பதுதான் கணக்கு.

மெஷினில் ஓடும் கரைசலிலும் பொட்டாசியம் உண்டு, பெரும்பாலும் 2 என்று வைத்திருப்பார்கள். யூனிட்டில் அதை பாத் என்பார்கள். எண் கூடியிருக்கிறது, பாத்தை 1 ஆக்குங்கள் என்று சில நோயாளிகளே கேட்கிறார்கள். பொட்டாசியம் வேகமாக இறங்கினாலும் இதயம் தாங்காது. அது டாக்டர் தீர்மானிக்க வேண்டியது. நாம் கேட்க வேண்டியது நான்கு மணி நேரம் முழுசாக ஓடியதா, ரத்த ஓட்டம் எவ்வளவு வைத்தார்கள், வீனஸ் பிரஷர் எவ்வளவு என்பவைதான். நான் ஒவ்வொரு தடவையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதுகிறேன். காலையில் இவர் எழுந்ததும் ஃபிஸ்டுலா மேல் விரலை வைத்து அதிர்வு இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். அதிர்வு குறைந்தாலோ கை வீங்கினாலோ அன்றைக்கே சொல்லிவிடுவேன்.

வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இந்தப் பத்தியம் அப்படியே பொருந்தாது. தினமும் நீர் மாற்றுவதால் அவர்களில் பலருக்குப் பொட்டாசியம் குறைந்தே போகும், சாப்பிடச் சொல்லி டாக்டரே சொல்வார். பக்கத்துத் தெருவில் அப்படி ஒருவர் இளநீர் குடிக்கிறார் என்று இவர் ஏங்கியபோது, அவர் உடம்பின் கணக்கு வேறு என்று விளக்க வேண்டியிருந்தது.

2023 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டோம். 17ஆம் தேதி ஞாயிறு பிடித்த மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டியது, திருநெல்வேலிக்குப் போகிற ரோட்டில் தண்ணீர். இரண்டு நாள் இடைவெளி முடிந்து திங்கட்கிழமை மெஷினில் இருக்க வேண்டிய நேரம் இவருக்கு. சனிக்கிழமையே மழை எச்சரிக்கை வந்துவிட்டதால், டாக்டருக்கு போன் போட்டு என்ன செய்வது என்று கேட்டு வைத்திருந்தேன். வடித்த சோறு, வெள்ளைக்கரு, எண்ணெயில் வதக்கிய கொஞ்சம் வடித்த கோஸ். பழம், பருப்பு, பால், காபி எதுவும் இல்லை. தண்ணீர் வழக்கமான அளவில் பாதி. அவர் சொன்ன அளவில் பொட்டாசியத்தை வெளியேற்றும் பவுடர், வயிறு போக லாக்டுலோஸ். இன்சுலின் வேளை தவறாமல். செவ்வாய் ராத்திரி ஒரு வண்டி கிடைத்து வேறு வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தோம். மெஷினில் போடுமுன் எடுத்த ரத்தத்தில் 5.9.

அப்போதிருந்து ஐப்பசி பிறக்கும்போதே ஒரு டப்பா தயாராகிவிடும். அதில் ஒரு வாரத்துக்கான மாத்திரைகள், பவுடர் பாக்கெட்டுகள், கடைசி ரத்த ரிப்போர்ட், ஒரு தாளில் இவருடைய ட்ரை வெயிட் (உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது உள்ள எடை), ஃபிஸ்டுலா எந்தக் கை, என்ன பாத், ரத்த வகை, அருகிலிருக்கும் வேறு இரண்டு டயாலிசிஸ் யூனிட்டுகளின் போன் நம்பர் எல்லாம் இருக்கும். அந்தத் தாளின் நகல் ஒன்று இவர் சட்டைப்பையில், இன்னொன்று மகன் போனில் படமாக. புயல் எச்சரிக்கை வந்தால் யூனிட்டுக்கு போன் போட்டு, திங்கட்கிழமை முறையை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்தள்ள முடியுமா என்று கேட்பேன். போன வருஷம் ஒருமுறை இடம் கொடுத்தார்கள். உங்கள் யூனிட்டிலும் கேட்டுப் பாருங்கள், மழைக்காலம் வருமுன்னே.